மெத்தையின் அகலம்

துனிஸ்
15 ஜூன் 1995

அன்புள்ள பெய்யா,

நான் நலம். நீயும் ரிதாவும் ரீமும் குழந்தைகளும் நலம் என்று நம்புகிறேன்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் கம்பளங்களை அடித்து, சுருட்டிக் கட்டி, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்கள். வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில் உன் அண்ணன் உனக்குப் போன் செய்வார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்றா, அத்திமரம் காய்த்திருக்கிறதா, கிணறு உப்புக் கரிக்கிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "சரி, வெள்ளிக்கிழமை வந்துடுவோம்" என்று முடிப்பார். அதில் நானும் அடக்கம். நாற்பத்தொரு வருடமாக நான் மஹ்தியாவுக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தேன். என்னைத் தனியாக யாரும் வரச்சொன்னதில்லை. சொல்லும் தேவையும் இருந்ததில்லை.

இந்த ஜூனில் உன் அண்ணன் இல்லை. போனும் இல்லை.

சென்ற வாரம் உன் மருமகள் ரீம் தன் மகளின் பரீட்சை முடிவைச் சொல்வதற்காகக் கூப்பிட்டாள். பேச்சுவாக்கில், "மாமி, கடல் பக்கத்து ரூம்ல கட்டில எல்லாம் கழட்டியாச்சு, ரூமே காலியா கெடக்கு, பசங்க அங்கதான் பந்து ஆடுறாங்க" என்றாள். பிறகு தானாகவே நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கேட்டது.

அது உங்கள் தகப்பனார் வீடு. அந்த அறையை நீங்கள் எப்படிப் பயன்படுத்தினாலும் அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை எனக்கு ஒரு வார்த்தை தெரிவித்திருக்கலாம். ஒரு குழந்தை உளறித் தெரிந்துகொள்ளும் செய்தி அல்ல அது. ரீமுக்கு முப்பத்திரண்டு வயது என்பது எனக்குத் தெரியும்.

என் வைக்கோல் தொப்பி, செம்புக் காப்பிக் கிண்டி, நீச்சல் உடை ஆகியவற்றை ஷேர் டாக்ஸிக்காரர் யாரிடமாவது கொடுத்தனுப்பு. ஜூலையில் ஹம்மாமெத்தில் ஒரு ஹோட்டலில் தங்குகிறேன். லியோனிலிருந்து மகன் அனீஸ் ஏற்பாடு செய்திருக்கிறான். முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது.

நைலா


மஹ்தியா
ஜூன் இருபதோ இருபத்தொன்றோ

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. கையெழுத்து அவ்வளவு ஒழுங்காக இருந்ததால் ஏதோ ஆபீஸிலிருந்து வந்ததென்று நினைத்து ரிதாவிடம் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, "அம்மா, மாமி ரொம்பக் கோவமா இருக்காங்க" என்றான்.

"எங்கடா எழுதியிருக்காங்க?"

"எங்கயும் எழுதல. அதான் சொல்றேன்."

தொப்பி ஆணியில் தொங்குகிறது. நீச்சல் உடை உங்கள் அலமாரியில் இருக்கிறது, பூச்சிக்குக்கூட அதைத் தொட தைரியம் வரவில்லை. கிண்டியில் தினம் காலையில் நான் காப்பி போடுகிறேன். மூன்றில் ஒன்றையும் அனுப்பமாட்டேன். வேண்டுமென்றால் நேரில் வந்து பிடுங்கிக்கொள்ளுங்கள்.

வரச்சொல்லவில்லை என்கிறீர்கள். அண்ணி, கல்யாணத்துக்கு ஊரைக் கூப்பிடுவோம், மணப்பெண்ணுக்குப் பத்திரிகை வைப்போமா? நானும் போனைக் கையில் எடுக்காமல் இல்லை. எடுத்து, "வாங்க அண்ணி" என்று சொல்லப் போனேன். வாயில் வரவில்லை. அது விருந்தாளிக்குச் சொல்கிற வார்த்தை. அந்த வீட்டில் மாட்டுப்பெண்ணாக வந்தவளுக்கு அதைச் சொன்னால் எங்கள் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து என்னை அறைந்திருப்பாள். நீங்கள் வருவீர்கள் என்று நான் இருந்தேன். கூப்பிடுவேன் என்று நீங்கள் இருந்திருக்கிறீர்கள். நல்ல கூத்து.

கட்டிலைக் கழற்றியது உண்மைதான். கழற்றச் சொன்னதும் நான்தான். ஏனென்று கடிதத்தில் எழுதமாட்டேன். வந்தால் தெரியும். அங்கே பந்தாடிய பயல்களுக்குக் கன்னத்தில் ஆளுக்கொரு அறை கொடுத்தாயிற்று.

ஹோட்டலுக்குப் போவதென்றால் போங்கள். பதினோரு அறை உள்ள வீட்டை விட்டுவிட்டு, கதவில் நம்பர் ஒட்டின அறையில் படுப்பது இப்போது நாகரிகம் போலிருக்கிறது. ஆனால் ஒன்று. வயதில் நீங்கள் எனக்கு மூத்தவர். புருஷனை இழந்ததில் நான் உங்களுக்கு மூத்தவள், இருபது வருட சர்வீஸ். அந்த உரிமையில் சொல்கிறேன். முதல் கோடையில் எல்லாரும் நம்மையே பார்ப்பார்கள். இரண்டாவது கோடையில் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். இரண்டாவதுதான் கஷ்டம். முதலாவதை வீணாக்காதீர்கள்.

பெய்யா


ஹம்மாமெத்
3 ஜூலை 1995

அன்புள்ள பெய்யா,

முதலில் ஒரு விஷயம். கடிதத்துக்குத் தேதி ஒன்றுதான் இருக்க வேண்டும், இரண்டு அல்ல.

இங்கே வந்து நான்கு நாளாகிறது. ஹோட்டல் சுத்தமாக இருக்கிறது. வந்தவுடன் மணிக்கட்டில் நீல நிறப் பட்டை ஒன்றைக் கட்டினார்கள். கத்தரிக்கோல் இல்லாமல் அவிழ்க்க முடியாது. பட்டை கட்டியவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், குடிக்கலாம். நம் ஊரில் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஆட்டுக்கு இப்படித்தான் அடையாளம் கட்டுவார்கள். அதற்கும் சாப்பாட்டில் குறை வைப்பதில்லை.

சாப்பாட்டு மேசைகள் ஒரு கப்பல் நீளத்துக்கு இருக்கின்றன. ஆனால் மீனில் ஹரீஸா காரம் இல்லை, காப்பியில் ஆரஞ்சுப்பூத் தண்ணீர் இல்லை. ஒரு சொட்டு விடச்சொல்லிக் கேட்டேன். பரிமாறும் பையன் பவ்யமாகக் குனிந்து, "ஹாஜ்ஜா, யார்கூட வந்திருக்கீங்க?" என்றான்.

"என்கூடத்தான் வந்திருக்கேன். அதுக்கும் காப்பிக்கும் என்ன சம்பந்தம்?"

மறுநாளிலிருந்து தன் வீட்டுப் புட்டியைக் கொண்டுவந்து சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறான்.

அனீஸ் அனுப்பிய விளம்பரத் தாளில், அறுபது கடந்தவர்களுக்கான விசேஷ விடுமுறை என்று போட்டிருக்கிறது. விடுமுறை என்றால் எதிலிருந்து? பள்ளியில் எங்களுக்குக் கோடை விடுமுறை உண்டு. உன் அண்ணனுக்கு ஆபீஸிலிருந்து உண்டு. கல்யாணமானதிலிருந்து எனக்குக் கோடை என்றால் அதே சமையலை வேறு அடுப்பில் செய்வது. இப்போது அடுப்பும் இல்லை. காலையில் எழுந்தால், அந்த நாள் கழுவி வைத்த தட்டுபோல முன்னால் இருக்கிறது. அதில் என்ன வைப்பதென்று யோசிப்பதிலேயே பத்து மணியாகிவிடுகிறது. இந்த வயதில் கோடை ஒரு பருவம் அல்ல, ஒரு மதியம். முடியாத ஒரு மதியம். ஈரத் தரையைக் கண்டால் பயம். கடல் முன்பைவிடக் குளிராகிவிட்டது. கடல் அப்படியேதான் இருக்கிறது, என் தோல்தான் மெலிந்துவிட்டது என்கிறார் என் பக்கத்து நாற்காலிக்காரர்.

அவர் ஹானெலோரெ, ஜெர்மானியப் பெண்மணி. எழுபத்து நான்கு வயது. நாற்காலியில் ஆறு மணிக்கே துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுவார். எனக்கும் சேர்த்துப் போடுகிறார். அவருடைய பிரெஞ்சு மோசம், மனசு நல்லது.

"உங்க வீட்டுக்காரர் எங்க?" என்று கேட்டார்.

"கடலோரமா இருக்காரு. மஹ்தியாவுல."

"அடடா! இங்க வருவாரா?"

"வரமாட்டாரு. நான்தான் அங்க போகணும்."

"அப்ப ஏன் இன்னும் போகல?"

நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். கன்னியர் மடப் பள்ளியில் எங்களுக்கு நாற்காலியின் பாதியில் மட்டும் உட்காரச் சொல்லிக் கொடுத்தார்கள், முதுகு சாயாமல். அன்று அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

நீச்சல் உடை நீ அனுப்பவில்லை. ஹோட்டல் கடையில் விற்பது உடை அல்ல, நூல். அதனால் கரையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

கட்டிலைப் பற்றி. எழுதமாட்டேன் என்று நீ எழுதியிருக்கிறாய். நான் எழுதுகிறேன்.

இங்கே அறையில் இரண்டு ஒற்றைக் கட்டில்களை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு பிளவு. இரவில் கை அதில் விழுகிறது. நான் இடது பக்கம் படுக்கிறேன். துனிஸிலும் அப்படித்தான். வலது பக்கத்தில் ஒன்றும் வைப்பதில்லை, படிக்கிற புத்தகத்தைக்கூட. மதியத் தூக்கத்துக்கு இங்கே பயங்கர அமைதி. உன் அண்ணனின் குறட்டை உனக்குத் தெரியும். மூன்று படி ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, விசிலோடு இறங்கும். நாற்பத்தொரு வருடம் தோளில் தட்டி, "ஒருக்களிச்சுப் படுங்க" என்றிருக்கிறேன். போன செப்டம்பரில் அந்த மதியம் நான் மஹ்தியாவில், சமையலறையில் காப்பி வைத்துக்கொண்டிருந்தேன். குறட்டை உச்சியில் நின்றது. இறங்கவில்லை.

அவர் போனது அந்தக் கட்டிலில். அதில்தான் நான் இனி அந்த வீட்டில் யார் என்பது இருந்தது. அதைக் கழற்றும்போது என்னைக் கேட்டிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

நைலா


மஹ்தியா
9 ஜூலை 1995, ஞாயிறு. தேதி ஒன்றுதான்.

அண்ணி,

உங்கள் கடிதத்தை ரிதாவிடம் கொடுக்கவில்லை. கண்ணாடி போட்டு நானே இரண்டு முறை படித்தேன். இனி மறைப்பதில் அர்த்தமில்லை.

ஒருவர் உயிர்போன மெத்தையை முதல் கோடையில் பிரிப்பது எங்கள் வழக்கம். உள்ளேயிருக்கும் ஆட்டு ரோமத்தைக் கடலில் அலசி, வெயிலில் காயவைத்து, கையால் பிரித்து, புது உறையில் அடைத்துத் தைப்போம். அதற்கு முன் அதில் யாரும் படுக்கக்கூடாது. எங்கள் அம்மா போனபோது நான் செய்தேன். நீங்கள் அப்போது அனீஸின் பரீட்சைக்காகத் துனிஸில் இருந்தீர்கள், பார்த்திருக்கமாட்டீர்கள். கன்னியர் பள்ளியில் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

மே கடைசியில் பக்கத்துவீட்டுப் பெண்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அலசினோம். உங்கள் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தனுப்பிய ரோமம். இன்னும் என்ன வெள்ளை! உங்கள் அம்மா உள்ளே போட்ட கிராம்பில் ஒன்று அப்படியே இருந்தது. எடுத்து வைத்திருக்கிறேன். கட்டில் பலகைகளையும் இரும்புத் தாங்கிகளையும் மொட்டைமாடியில் காயப்போட்டு, ரிதா பெயிண்ட் அடித்தான். ரோமம் முழுக்க உங்கள் அறையில்தான் வெள்ளைத் துணிக்கு அடியில் குவிந்து கிடக்கிறது. ரீம் பார்த்தது காலியாக இருந்த நாளை. கடன்காரி, அதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

மெத்தை தைக்கிற கலீஃபா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து வாசலில் வந்து நிற்கிறான்.

"லெல்லா பெய்யா, அகலம் எவ்வளவு?"

"சொல்ல வேண்டியவ இன்னும் வரல."

"ஒத்தையா, ரெட்டையான்னு சொன்னாக்கூடப் போதும். துணி வெட்டி வச்சுருவேன்."

"ஒன் கத்திரிக்கோல நாக்குலயா வச்சிருக்க? போ, அடுத்த வெள்ளிக்கிழம வா."

இதுதான் நான் எழுதாத விஷயம். ஒற்றையா, இரட்டையா என்று உங்களிடம் நான் எப்படிக் கேட்பேன்? போனில், கூடத்தில் எல்லாரும் நிற்கும்போது? கடிதத்தில், "இனிமேல் உங்களுக்கு எவ்வளவு இடம் வேண்டும்" என்று எழுதவா?

என்னை யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் போன நாற்பதாம் நாளே மாமியார் என் மெத்தையை ஒற்றையாக்கிவிட்டார். மிச்ச ரோமத்தில் நாத்தனார்களுக்குத் தலையணை தைத்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அப்படித்தான் செய்வார்கள். இருபது வருடமாக நான் ஓரத்தில் படுக்கிறேன். அதில் ஓரத்தைத் தவிர வேறு இடமில்லை. உங்களுக்கு அப்படி நடக்கக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டு, நீங்களே வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நீங்கள் இப்படி எடுத்துக்கொண்டீர்கள்.

உங்கள் ரோமம், உங்கள் அகலம். பலகைகளைக் கூட்டலாம், குறைக்கலாம். ஜூலைக் கடைசியில் அவுஸ்ஸு பிறந்து உச்சி வெயில் தொடங்கினால் கலீஃபா தறி வேலைக்குப் போய்விடுவான். பிறகு அக்டோபர்தான்.

நான் கூப்பிடவில்லை. செய்தி சொல்கிறேன்.

பெய்யா


ஹம்மாமெத்
14 ஜூலை 1995

பெய்யா,

உன் கடிதம் நேற்று வந்தது. கீழ்க்கண்டவற்றைக் கவனி.

ரோமத்தை அலசும்போது சோப்புப் போட்டாயா? போட்டிருந்தால் மறுபடி அலச வேண்டும், எண்ணெய்ப் பசை போய்விட்டால் ரோமம் கட்டிதட்டும். துணிக்கு அடியில் மூடி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். மூடாதே. புழுங்கும். ஜன்னலைத் திற. உறைக்கு நீலக் கோடு போட்ட கெட்டித் துணிதான் வேண்டும், பூப்போட்டது கூடாது. பூப்போட்டதை நீ ஏற்கெனவே வாங்கியிருப்பாய் என்று தெரியும். அதில் ரீமுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடு.

கலீஃபா கத்தரிக்கோலைத் தொடக்கூடாது.

அகலத்தை நான் கடிதத்தில் எழுதமாட்டேன். நீ கேட்காமல் இருந்தது சரிதான். கேட்டிருந்தால் நான் ஒற்றை என்று சொல்லியிருப்பேன். கேட்டவர்களுக்கு முன்னால் எனக்கு அப்படித்தான் வாய் வரும்.

காலையில் வரவேற்பறையில் கத்தரிக்கோல் கேட்டேன். "பட்டைய வெட்டிட்டா அப்புறம் சாப்பாடு கெடையாது, மதாம், இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கு" என்றாள் அந்தப் பெண். தெரியும் என்றேன். ஹானெலோரெ என் நாற்காலிமேல் போட்டிருந்த துண்டை மடித்து எடுத்துக்கொண்டார். "கடலோரத்துக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கடிதம் முந்துமா, நான் முந்துவேனா என்று தெரியவில்லை. நான் வருவதாக இதில் எங்கேயும் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். வீட்டுக்காரி சொல்லிவிட்டு வருவதில்லை.

நைலா


துனிஸ்
4 செப்டம்பர் 1995

அன்புள்ள பெய்யா,

சௌகரியமாக வந்து சேர்ந்தேன். ஷேர் டாக்ஸியில் முன்னிருக்கை கிடைத்தது. நீ கட்டிக்கொடுத்த அத்திப்பழத்தில் நாலைந்து நசுங்கி, என் கைப்பை இப்போது ஈக்களுக்கு ஊர் ஆகிவிட்டது. அடுத்த முறை பழத்தைத் துணியில் கட்டாதே, டப்பாவில் வை. வீட்டைத் திறந்தவுடன் மூடிக்கிடந்த வாடை. எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கிண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பொடியைக் கொதிக்க விடாதே, பொங்கி வரும்போதே இறக்கு. நீச்சல் உடையும் அலமாரியில்தான் இருக்கிறது. அவுஸ்ஸு பிறந்த காலையில் உங்களோடு சேர்ந்து, உடுத்திய துணியோடு கடலில் இறங்கியதில் என் முழங்கால் வலி போனதா என்று ரீம் கேட்டிருந்தாள். போகவில்லை என்று சொல். ஆனால் வேறெங்கோ ஏதோ போயிற்று, எங்கே என்று தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டாம்.

கல்லறைத் தோட்டத்தில் உன் அண்ணனின் கல்லுக்கு அடித்த சுண்ணாம்பு கடல் பக்கம் உதிர்கிறது. மழைக்கு முன் இன்னொரு கை அடிக்கச் சொல்.

மெத்தையை மாதம் ஒருமுறை ஜன்னலோரம் சாய்த்து வை. மழை வந்தால் மொட்டைமாடிக்குக் கொண்டுபோகாதே. கலீஃபா நன்றாகத் தைத்திருக்கிறான். அகலம் எவ்வளவு என்று கேட்டபோது நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன் அல்லவா, அப்போது அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஒரு ஆளுக்கு இம்புட்டா, லெல்லா?" என்றான். நான் வாய் திறக்கும் முன், "ஒனக்கு ஏன் வலிக்குது? ரோமம் ஒன் முதுகுலயா மொளச்சுது?" என்று நீ கேட்டாய். அதற்கு நன்றி சொல்ல விட்டுப்போயிற்று. ஆனால் தொனி சரியில்லை.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று.

ஆகஸ்டில் வீடு நிறைந்து, ரீமின் பெற்றோர் வந்து உன் அறையை எடுத்துக்கொண்ட அன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தலையணையும் கையுமாக என் வாசலில் வந்து நின்றாய். "அண்ணி, ஒரு மணி நேரம் ஓரமாப் படுத்துக்கிறேன்" என்றாய். ஓரமாக வேண்டாம் என்று சொன்னேன். நீ வலது பக்கத்தின் நடுவில் படுத்து, கையையும் காலையும் பரப்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு நான் ஊர் திரும்பும்வரை தினமும் மதியம் அங்கேதான் படுத்தாய். உன் அறை காலியான பிறகும்.

ரீமின் பெற்றோரைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. அடுத்த வருடமும் வரட்டும். ஜூனில் நீ போன் செய்ய வேண்டாம். நான் வெள்ளிக்கிழமை வந்துவிடுவேன்.

ஆனால் அந்த முதல் நாள் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. படுத்த ஐந்தாவது நிமிடம் நீ குறட்டை விட ஆரம்பித்தாய். மூன்று படி ஏறியது. உச்சியில் நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். விசிலோடு இறங்கியது.

பழக்கத்தில் என் கை உன் தோள்வரை வந்துவிட்டது. தட்டவில்லை.

நைலா